மாடியிலிருந்து எடுத்த படம்

"தர்மம் பண்ணப் போறவன் முதல்ல..." என்று எங்கள் பெரியப்பா ஆரம்பிப்பார். ஆரம்பம் நன்றாக நினைவிருக்கிறது, மீதிதான் இல்லை. முதலில் செருப்பைக் கழற்றணும் என்றாரா, முதலில் வாயை மூடணும் என்றாரா. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த மனுஷன். எதையும் பாதி சத்தமாகவும் பாதி முணுமுணுப்பாகவும்தான் சொல்வார். முணுமுணுத்த பாதியில்தான் விஷயம் இருந்திருக்கும். என் காதில் எப்போதும் சத்தமான பாதிதான் விழும்.

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், அதற்குக் கால் ஆடும். இப்படி வாருங்கள். தாட்சா, சாருக்கு டீ.

மத நல்லிணக்கக் கூட்டம், அதில் நான் பேச வேண்டும். சந்தோஷம். எங்கள் தெருவில் ஓர் ஒடிசாக் குடும்பத்துக்குக் கோயில், பள்ளிவாசல், சர்ச் மூன்றும் போட்டி போட்டுக்கொண்டு உதவியதாகவும், அதற்கெல்லாம் நான்தான் காரணம் என்றும் கேள்விப்பட்டு வந்திருக்கிறீர்கள். நான்தான் காரணம், அதில் சந்தேகமே இல்லை. எந்த விதத்தில் காரணம் என்று கேட்டுவிட்டு, நோட்டீசில் என் பெயரைப் போடுவதா வேண்டாமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் இதே ஓட்டேரியில் பிறந்தவன். பத்தாவது வரைக்கும் தமிழில் படித்து, அப்புறம் இங்கிலீஷில் படித்து, பாதி ஆயுசைக் கனடாவில் கழித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். இரண்டு மொழியிலும் சரளமாகத் தப்பு செய்ய வரும். திரும்பி வந்தபோது தெரு மாறியிருந்தது. பால்காரர் வீட்டில் அசாம் பையன்கள். அச்சகம் இருந்த இடத்தில் பீகார்க்காரர்கள் பானிபூரிக்கு மாவு பிசைகிறார்கள். எதிர்ச் சந்தில் ஒடிசா. சிலபேருக்கு இது பிடிக்கவில்லை. நலச்சங்கக் கூட்டத்தில் ஒருவர் 'இவங்களாலதான் குப்பை' என்று ஆரம்பித்ததும் நான் எழுந்து நின்றேன். நானும் அந்நிய தேசத்தில் பிழைக்கப் போனவன்தான் என்று பேசினேன். கை தட்டினார்கள் சார். அந்தக் கைதட்டல் என் காதிலேயே தங்கிவிட்டது, வினை அதுதான்.

பொய்யும் சொல்லவில்லை. டொராண்டோவில் என் முதல் குளிர்காலத்தில் ஒரு சர்ச்சில் எனக்குக் கோட்டு கொடுத்தார்கள். அருமையான கோட்டு, முழங்காலுக்குக் கீழே வரும். அதைப் போட்டு நிற்கவைத்துப் படம் எடுத்து, தங்கள் மாதப் பத்திரிகையில், இலங்கையிலிருந்து அகதியாக வந்திருக்கும் நம் புதிய சகோதரர் என்று போட்டார்கள். நான் ஓட்டேரி. திருத்தவில்லை. நல்ல மனசோடு செய்கிறவர்களை எதற்குத் திருத்த வேண்டும்? பத்திரிகையில் ஒரு பிரதி கொடுத்தார்கள். ஊருக்கு அனுப்பவில்லை. தபால் செலவு அங்கே ரொம்ப அதிகம்.

அந்த நன்றி எனக்குள் இருந்தது. அதனால் தெருவில் வெளிமாநிலத்துக்காரர் யாரைப் பார்த்தாலும் நின்று ஹிந்தியில் நலம் விசாரிப்பேன். என் ஹிந்தி, டாக்சி ஓட்டிய ஒரு பஞ்சாபி நண்பரிடம் கற்றது. ஒடிசாக்காரர்களுக்கு அது பாதி புரியாது. சிரித்துவிட்டு, 'நல்லாகீறோம்ணா' என்பார்கள். எனக்குச் சங்கடம் வரக்கூடாதென்று தமிழில் பேசுகிறார்களே என்று நெகிழ்ந்து போவேன்.

மமினா அந்தச் சந்தில் கீழ் போர்ஷன். அவள் கணவர் துஷ்மந்த் டைல்ஸ் மேஸ்திரி. ஊரிலிருந்து கூட்டிவந்த ஆட்கள் அவருக்குக் கீழே வேலை செய்கிறார்கள். ஒரே பெண் ரிங்கி, இங்கேதான் பிறந்தாள், கார்ப்பரேஷன் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. நான் கனடாவிலிருந்து வருவதற்குப் பல வருஷம் முன்பே அவர்கள் இந்தத் தெருவுக்கு வந்துவிட்டார்கள். கணக்குப்படி பார்த்தால் வந்தேறி நான்தான். ஆனால் கணக்கு அப்படியா பார்க்கிறோம்?

ஆடி மாதம் பிறந்ததும் அவர்கள் வீட்டு நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. பார்த்தேன். கொசுவுக்கு இயற்கை மருந்து, பரவாயில்லையே என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். மாவுக்கடை குணவதியக்கா வீட்டு வாசலில் அதே கொத்தைப் பார்த்திருந்தால், அங்கே யாருக்கோ அம்மை வார்த்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரிந்திருக்கும், செருப்பைக் கழற்றியிருப்பேன். ஒடிசாக்காரர் வாசலில் இருந்ததால் அது கொசு மருந்து.

முதல் ஆடி வெள்ளி. என் மனைவி தாட்சா அவள் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். நான் மாடியில் காப்பியோடு நிற்கிறேன். கீழே மமினா போகிறாள். மஞ்சள் புடவை, ஈரத்தலை, காலில் செருப்பில்லை. முந்தானையை இரண்டு கையாலும் முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு வாசலில் நிற்கிறாள். அந்த வீட்டம்மா வந்து ஒரு பிடி அரிசி போடுகிறாள். அடுத்த வாசல். அங்கேயும் ஒரு பிடி.

உங்களுக்குப் புரிந்துவிட்டது. உங்கள் முகத்திலேயே தெரிகிறது. அம்மை இறங்கினால் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு தெருவில் மடிப்பிச்சை எடுப்பார்கள், அந்த அரிசியைப் பொங்கிக் கோயிலில் வைப்பார்கள். எடுக்கிறவர் எவ்வளவு வசதி என்பதெல்லாம் கிடையாது, கார் வைத்திருப்பவரும் எடுப்பார். இந்தத் தெருவில் பிறந்த எனக்கும் இது தெரியும். தெரிந்தது அன்றைக்கு வேலை செய்யவில்லை. ஈரத்தலையா, பாவம், வீட்டில் மின்சாரம் இல்லை போல. செருப்பில்லையா, ஐயோ. மஞ்சள் புடவையா, இருப்பதே அது ஒன்றுதான் போல. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. ஒரு குடும்பம் பிச்சைக்கு வந்துவிட்டது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

என் வாசலுக்கும் வந்தாள். வாயைத் திறந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நான் விடவில்லை, ஹிந்தியில் ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தேன். உள்ளே ஓடிப்போய் அரிசி தேடினால் கிடைக்கவில்லை. தாட்சா டப்பாக்களில் எதை எதில் வைப்பாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கையில் கிடைத்தது ஓட்ஸ் பாக்கெட். அதை மடியில் வைத்து, மேலே ஒரு பெரிய நோட்டையும் வைத்தேன். அவள் அரண்டு போனாள். "காசு வேணாண்ணா. ஒரு கைப்பிடி அரிசி இருந்தா போதும்" என்றாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓட்ஸைப் பார்த்தாள், அதைத் திருப்பித் தரலாமா கூடாதா என்று தெரியாமல் சுமந்துகொண்டு போனாள்.

என்ன ஒரு சுயமரியாதை என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாடிக்கு ஓடினேன். அடுத்த வாசலில் அவள் மடியேந்தி நிற்பதைச் செல்போனில் எடுத்தேன். முகம் தெரியாமல் எடுத்ததாகத்தான் நினைத்தேன். நல்ல வெளிச்சம், நன்றாகவே தெரிந்தது.

தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சும்மா இல்லை, இரண்டு மொழியிலும் எழுதிப் போட்டேன். நம் தெருவில் ஒரு சகோதரி இன்று பசியோடு கையேந்துகிறாள், நாம் வெட்கப்பட வேண்டாமா என்று தமிழில். இங்கிலீஷில் இன்னும் உருக்கமாக வந்தது, அந்த மொழியில் எனக்கு இரக்கம் கொஞ்சம் சரளம்.

பத்து மணிக்கெல்லாம் பழைய இரும்புக்கடை கலீல் பாய் வந்துவிட்டார். பள்ளிவாசலில் ஏழைகளுக்குக் கொடுக்கும் பொறுப்பு அவருடையது. ஆள் வைத்து அரிசி மூட்டை, எண்ணெய் டின் எல்லாம் சந்துக்குள் இறக்கினார். இது தெரிந்து சர்ச்சிலிருந்து பெலிக்ஸ் சார் வந்தார். அவர்கள் உதவிச் சங்கத்தில் அப்போது கையிருப்பு கம்பளிதான். ஆடி வெயிலில் கம்பளி. கூடவே அவர்களும் ஓர் அரிசி மூட்டை, பாய் கொடுத்ததைவிடக் கொஞ்சம் பெரியது. அதைப் பார்த்துவிட்டுப் பாய் போய்ப் பருப்பும் சர்க்கரையும் கொண்டுவந்தார். தெரு நலச்சங்கத் தலைவர் பழைய மிக்சி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். 'இவங்களாலதான் குப்பை' என்றாரே, அவரேதான். நான் சந்து முனையில் நின்று இப்படி வையுங்கள், அப்படி வையுங்கள் என்று கை காட்டிக்கொண்டிருந்தேன். மமினா அப்போது கோயிலில் இருந்தாள். கதவு பூட்டியிருந்தது. எல்லாவற்றையும் வாசலை அடைத்து அடுக்கிவிட்டோம்.

அன்றைக்கு என்னைப் போலச் சந்தோஷமான மனுஷன் இந்தச் சென்னையிலேயே கிடையாது.

சாயங்காலம் குணவதியக்கா வந்தாள். நான் டிரவுசர் போட்ட காலத்திலிருந்து என்னைத் தெரிந்தவள், அம்மன் கோயில் காரியமெல்லாம் அவள் கையில்தான். மாவு படிந்த கையோடு வந்து, இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அங்கே உட்கார்ந்தாள். சத்தம் போடுவாள் என்று பார்த்தேன், போடவில்லை.

"அந்தப் பொண்ணு மடிப்பிச்சை எடுத்துது மதி. கொழந்தைக்கு அம்மை போட்டு எறங்கிச்சு. நான்தான் வேண்டிக்கச் சொன்னேன்."

அவர்களுக்கும் இந்த வழக்கம் உண்டா என்று கேட்டேன். இன்னும் ஆராய்ச்சிதான்.

"அம்மை அவங்களுக்கும் வருதில்ல?" என்றாள். அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "நான் மஞ்சப் பொடவ கட்டிக்கினு வந்து உன் வாசல்ல நின்னிருந்தா, படம் புடிச்சிருப்பியா?"

சார், நான் நிறையப் பேசுகிறவன். கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"ஒன்ன நாலு வயசுல அம்மை தூக்கிக்கினு போவப் பாத்துது. ஒங்கம்மா இதே தெருவுல மடியேந்துனா. அவ வாத்தியார் பொண்டாட்டி. எவனும் அவளுக்குக் கம்பளி குடுக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

உடனே மமினா வீட்டுக்கு ஓடினேன். மூட்டைகளைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அவள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள், குழந்தை கம்பளி மேல் குதித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது அது ஒன்றுதான். துஷ்மந்த் கையில் போன். திரையில் என் படம். தெருக் குழுவிலிருந்து அது யார் யார் கைக்கோ போய், அவருடைய ஆட்கள் கைக்குப் போய், அங்கிருந்து ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் அவர் ஊருக்கே போய்விட்டிருந்தது. அவர் அப்பா போன் செய்து, சென்னையில் மேஸ்திரி என்று சொன்னாயே, பெண்டாட்டியைப் பிச்சைக்கா விட்டிருக்கிறாய் என்று கேட்டாராம். தம்பிக்குப் பெண் பார்த்திருந்த இடத்திலும் பார்த்துவிட்டார்களாம்.

நான் ஹிந்தியில் ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"தமிழ்லயே பேசுங்க சார். உங்க வீட்டுத் தரை நான் போட்டதுதான். மாடி ரூம் மட்டும் வேற ஆளு. இந்தத் தெருவுல பாதி வீட்டுல நான் வேலை செஞ்சிருக்கேன். யாருகிட்டயும் சும்மா ஒரு டீ குடிச்சதில்ல."

எங்கள் தரையை யார் போட்டது என்று நான் கேட்டதே இல்லை. அப்போது நான் கனடாவில் இருந்தேன், தாட்சாவின் அண்ணன்தான் நின்று பார்த்தார்.

படத்தை அழித்துவிடுகிறேன் என்றேன். அழித்தால் நிஜமாகவே பிச்சை எடுத்ததை மறைக்கிற மாதிரி ஆகும் என்றார். குழுவில் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். உங்கள் இஷ்டம் என்றார். ஊருக்குப் போகிறோம், ரயில் டிக்கெட் போட்டாயிற்று, கடைசி ஆடி வெள்ளிக்கு மறுநாள். மமினாவின் வேண்டுதல் பொங்கல் கடைசி வெள்ளிக்குத்தான் வைக்க வேண்டும், அதுவரைக்கும் அவள் வரமாட்டேன் என்கிறாள், இல்லாவிட்டால் நாளைக்கே கிளம்பியிருப்போம் என்றார். வேலை போகிற வழியில் போகட்டுமாம். அந்தப் படத்தைப் பார்த்த ஆட்களிடம் இனிமேல் எப்படி வேலை வாங்குவது?

மமினா வாசல்வரை வந்தாள். "ஆத்தாவுக்கு ஒண்ணும் கோவமில்லண்ணா. ஓட்ஸையும் ஏத்துக்குவா. எங்க மாமனாருதான் ஏத்துக்க மாட்டாரு" என்றாள். தமாஷாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கடிதம் எழுதினேன். இரண்டு மொழியிலும். என் சலுகை பெற்ற பார்வை, என் அறியாமை, தமிழ் மண்ணின் வழிபாட்டு மரபு, புலம்பெயர்ந்தோர் துயரம், எல்லாம் வந்தது. தாட்சா படித்துப் பார்த்தாள். "இதுலயும் நீங்கதான் நல்லவரு" என்றாள். நான் கேட்கவில்லை, போட்டேன். என்ன ஆயிற்று தெரியுமா? குழுவில் எல்லோரும் கும்பிடு போட்டார்கள். என்ன பெரிய மனசு சார் உங்களுக்கு என்றார்கள். பாதிப்பேர் முழுசாகப் படிக்கவில்லை. புலம்பெயர்ந்தோர் துயரம் என்பதைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு குக்கர் கொடுத்தனுப்பினார்கள். அந்தக் கடிதம்தான் சுற்றிச் சுற்றி உங்கள் குழுவுக்கும் வந்திருக்கிறது, அதைப் பார்த்துத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

மூட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிப் போய்க் கேட்டேன். பெலிக்ஸ் சார், எங்கள் சங்கத்தில் கொடுத்ததைத் திருப்பி வாங்க வழியில்லை என்று வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார், மறுநாள் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தார், யாருக்கும் சொல்லாமல். கலீல் பாய்க்குத்தான் கோபம். "நீ சொன்னேன்னு கொண்டுபோய் எறக்குனேன் பாரு, என்னச் சொல்லணும். எங்க பெரியம்மாவே அந்தக் காலத்துல எம் மாமன் மவனுக்கு அம்மைன்னு இதே கோயிலுக்கு மடியேந்துனவங்கதான். ஒரு வார்த்தை என்னக் கேட்டிருக்கக் கூடாதா தம்பி?" என்றார். கடைசியில் குணவதியக்கா அரிசியையெல்லாம் கோயிலில் கூழுக்கும் சோற்றுக்கும் எடுத்துக்கொண்டாள். பாயிடம் போய்ப் பரவாயில்லையா என்று கேட்டபோது, "குடுத்தாச்சு. அது எந்தப் பானையில வேவுதுன்னு பாக்கறது எம் வேலையில்ல" என்றாராம். இதை நீங்கள் கூட்டத்தில் சொல்லலாம், இது மட்டும் நல்லிணக்கம்தான். கம்பளிகளை என்ன செய்வதென்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை.

ஆனால் அந்த ரயில் டிக்கெட் அப்படியே நிற்கிறதே சார். நாளைக்குக் கடைசி வெள்ளி. நாளை மறுநாள் அவர்கள் போகிறார்கள். அந்தக் குழந்தைக்கு ஒடியா எழுத்துத் தெரியாது, அங்கே போய் எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பில் உட்காரும்? நேற்றுக்கூட நம்ம தெரு வழியாக, 'அம்மா இங்கே வா வா' என்று பாடிக்கொண்டு போயிற்று. அவர்கள் வீட்டுச் சொந்தக்காரர் வேறு ஆளிடம் முன்பணம் வாங்கிவிட்டார்.

நேற்று குணவதியக்காவின் கடைக்குப் போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, அணைக்கவில்லை, அந்த இரைச்சலிலேயே பேசினாள். நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். இன்னொரு கடிதம் எழுதட்டுமா என்றுகூடக் கேட்டேன். கரண்டியை எடுத்து அடிக்காத குறை.

"எழுதி எழுதித்தான் இங்க வந்து நிக்கிறோம். இந்தத் தெருவுல மடியேந்துறது கேவலம்னு எவளும் நெனச்சதில்ல. ஏன்னா எல்லா வீட்டுலயும் யாராவது ஒருத்தர் ஏந்தியிருக்காங்க. அதான் போடறவளுக்குத் திமிரு இல்ல, வாங்கறவளுக்குக் கூச்சம் இல்ல. நீ மட்டும்தான் மேல நின்னுக்கினு பாத்தே."

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்பது அவளுக்குத் தெரியும் என்றேன். சட்டையில்லாமல் நிற்கிற வயதா, வெறும் காலில் நடந்தால் எனக்குக் குதிகால் வலிக்கும், டாக்டர் விசேஷச் செருப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றும் சொன்னேன். அவள் என்னை மடியேந்தி நிற்கச் சொல்லவே இல்லை, பாருங்கள். நானாகத்தான் ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டிருந்தேன்.

மாவை வழித்துக்கொண்டே கேட்டாள். "வேண்டுதல் ஏதாவது இருக்குதா ஒனக்கு? அது இல்லாம நின்னா வெறும் பிச்சைதான்."

இருக்கிறது என்றேன். என்ன என்று கேட்டாள். அந்த ரயிலில் அவர்கள் ஏறக்கூடாது என்றேன். நம்பிக்கையில்லாதவன் வேண்டிக்கொண்டால் செல்லுமா என்று தெரியாது, அவளும் சொல்லவில்லை. மிஷினை அணைத்தாள். "பொம்பளைங்க முந்தானையில வாங்குவோம். ஆம்பளைன்னா துண்டு" என்றாள். அவ்வளவுதான்.

தாட்சாவிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அரிசி டப்பா எது என்று காட்டினாள்.

டீ ஆறிவிட்டது, வேறு போடச் சொல்லட்டுமா? வேண்டாமா? சரி.

நாளைக் காலையில் குளித்துவிட்டு, மஞ்சள் வேட்டியோடு, சட்டையும் செருப்பும் இல்லாமல் துண்டை ஏந்திக்கொண்டு இறங்குகிறேன். முதலில் மமினா வீட்டு வாசலில் நிற்பேன். செல்போனைத் துஷ்மந்த் கையில் கொடுத்து, படத்தை அவரையே எடுத்துக் குழுவில் போடச் சொல்வேன்.